முகாமுக்கு முதலில் வந்து சேர்பவர்

கால்பந்து கேள்வி–பதில்: தேசிய அணி முகாமில் வெளிநாட்டு கிளப் நட்சத்திரங்களுக்கு நடுவே உள்ளூர் லீக் ஆட்டக்காரர் எப்படித் தாக்குப்பிடிக்கிறார் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி (வியாசர்பாடி): நைஜீரியா அணியை அறிவிக்கும்போதெல்லாம் ஒன்றிரண்டு பேரை மட்டும் ‘ஹோம்-பேஸ்டு’ என்று தனியாகச் சொல்கிறார்களே, ஏன்?

பதில்: சொந்த நாட்டு லீக்கில் ஆடிக்கொண்டே தேசிய அணிக்கு வருபவர்தான் ஹோம்-பேஸ்டு. நைஜீரியாவில் அப்படி ஒருவர் வருவது அபூர்வம். அதனால்தான் இந்த அடைமொழி. 2018 உலகக் கோப்பைக்குப் போன 23 பேரில் உள்ளூர் லீக் ஆள் ஒருவர்தான்: எனிம்பா கிளப்பின் கோல்கீப்பர் இகெச்சுக்வு எசென்வா. 2024 தொடக்கத்தில் ஐவரி கோஸ்ட்டில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பைக்கு ஒலொருன்லெகே ஓஜோ போனார். அவரும் எனிம்பா, அவரும் கீப்பர்.

இது தற்செயல் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஷூட்டிங் பயிற்சி நடக்க மூன்று கீப்பர்கள் வேண்டும். ஆனால் மூன்றாவது கீப்பர் ஆட்டத்தில் இறங்குவது அரிது. ஐரோப்பிய கிளப்பில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை அந்த இடத்துக்கு வரவழைப்பதைவிட, வாரா வாரம் லீக்கில் நிற்கும் உள்ளூர்க்காரரை எடுப்பது கோச்சுக்கு லாபம்.

எல்லா ஊரிலும் இப்படி இல்லை. 2006, 2008, 2010 என்று தொடர்ந்து மூன்று முறை ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற எகிப்து அணியில் பெரும்பாலோர் உள்ளூர் கிளப் ஆட்கள். 2024-இல் மூன்றாம் இடம் பிடித்த தென்னாப்பிரிக்காவில் மாமெலோடி சன்டவுன்ஸ் கிளப்பிலிருந்தே ஒரு பட்டாளம் இருந்தது. கேப் வெர்டிக்கு எதிரான காலிறுதியில் நான்கு பெனால்ட்டிகளைத் தடுத்த ரான்வென் வில்லியம்ஸும் அந்த கிளப்தான். ஒரே கிளப்பிலிருந்து அத்தனை பேர் வந்தால் யாரும் விருந்தாளி ஆவதில்லை. தனியாளாக வருகிறவருக்குத்தான் கீழே வரும் சிக்கல்கள்.

உள்ளூர் லீக் ஆட்களுக்கென்றே ‘சான்’ என்ற போட்டியை ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு 2009-இல் தொடங்கியது. 2018 சானில் மொராக்கோவின் அயூப் எல் காபி 9 கோல் அடித்தார். அப்போது அவர் பெர்கானே கிளப்பில். அதே ஆண்டு உலகக் கோப்பை அணியிலும் இடம் கிடைத்தது.

கேள்வி (சேலம்): 2013-இல் உள்ளூர் ஆட்டக்காரர் ஒருவர் அடித்த கோலில்தான் நைஜீரியா ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றதாமே. அதிர்ஷ்டமா?

பதில்: சண்டே எம்பா, வாரி வுல்வ்ஸ் கிளப்பின் நடுக்கள ஆட்டக்காரர். காலிறுதியில் ஐவரி கோஸ்ட்டுக்கு எதிராக 78-ஆவது நிமிடம் அடித்த கோல், தடுப்பாட்டக்காரர் மேல் பட்டு எகிறிப் போனது. அதை அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்ளுங்கள்; ஆனால் அதற்கு முன்னால் பந்தை உருட்டிக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பிப்ரவரி 10 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் புர்கினா ஃபாஸோவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 40-ஆவது நிமிடம் வந்த கோலில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. பந்தை டிஃபென்டர் தலைக்கு மேல் தூக்கிவிட்டு, அது இறங்கும்போது வாலியாக அடித்தார். 1–0.

கோச் ஸ்டீபன் கேஷி அந்த 23 பேரில் ஆறு உள்ளூர் ஆட்களைச் சேர்த்திருந்தார்: அக்பிம், எக்வுவெக்வே, ஒபோவாபோனா, எம்பா, உசோயெனி, கேப்ரியல் ரூபன். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்த ஒடெம்விங்கியை வீட்டில் விட்டுவிட்டுப் போனதற்கு நாடே அவரைத் திட்டியது. 2011 நவம்பரில் பொறுப்பேற்றதிலிருந்து உள்ளூர் லீக் ஆட்களைத் தனியாகக் கூட்டி வைத்துப் பார்த்து வந்தவர் கேஷி. பெரிய முகாம் தொடங்கும்போது எம்பா அவருக்குப் புது ஆள் இல்லை.

பின்கதை ஒன்று உண்டு. கோப்பை வந்த கையோடு எம்பா யாருடைய ஆள் என்று வாரி வுல்வ்ஸும் எனுகு ரேஞ்சர்ஸும் மல்லுக்கு நின்றன. விலை ஏறி நிற்கும் நேரத்தில் இப்படி ஒரு இழுபறி இருந்தால் வாங்க வருகிற வெளிநாட்டு கிளப் தயங்கும். லோனா, நிரந்தரமா, எந்தத் தேதி வரை என்று கையெழுத்தான காகிதம் ஆட்டக்காரரின் பையிலேயே இருக்க வேண்டும். கிளப் அலுவலக அலமாரியில் இருந்தால் போதாது.

கேள்வி (தூத்தூர், கன்னியாகுமரி): முகாமில் உள்ளூர்க்காரருக்குத் தன்னைக் காட்ட எத்தனை நாள் கிடைக்கும்?

பதில்: இரண்டு. அதுவும் திங்களும் செவ்வாயும்.

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான பிஃபாவின் காலண்டரில், கிளப்புகள் ஆட்டக்காரர்களைத் தேசிய அணிக்கு விடும் சாதாரண சர்வதேச இடைவெளி திங்கள்கிழமை தொடங்கி அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை முடியும். இரண்டு ஆட்டம். முதல் ஆட்டம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் இருப்பவர் ஞாயிறு மாலை கிளப்புக்கு ஆடுகிறார், திங்கள் விமானம் ஏறுகிறார், இரவோ மறுநாள் மதியமோ வந்து சேர்கிறார். 90 நிமிடம் ஆடிய காலுக்கு 48 மணி நேரம் சைக்கிள், நீச்சல், மசாஜ்தான். புதன்கிழமைதான் முழு அணியும் ஒன்றாகக் களத்தில் நிற்கும். வியாழன் ஆட்டத்துக்கு முந்தின நாள்: 45 முதல் 60 நிமிடம், கார்னர், ஃப்ரீ கிக், எதிரணி வீடியோ, அவ்வளவுதான். ஆக, முழு வேகப் பயிற்சி ஒன்றே ஒன்று.

உள்ளூர்க்காரர் ஞாயிறு இரவே முகாமில் இருப்பார். திங்கள் காலை எட்டுப் பத்து பேர்தான் மைதானத்தில். கோச்சின் கண் சிதறாமல் இருப்பது அப்போதுதான். அங்கேதான் தப்பும் நடக்கும். கண்ணில் பட வேண்டும் என்று திங்களும் செவ்வாயும் உயிரைக் கொடுத்து ஓடுவார். புதன்கிழமை நட்சத்திரங்கள் புது ரத்தத்தோடு வரும்போது இவர் தொடை கல்லாகக் கிடக்கும். உள்ளூர் லீக் இரண்டு மாதம் முன்பே முடிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஓய்வில் இருந்த உடம்பு திடீரென்று ஸ்பிரிண்ட் போட்டால் தொடையின் பின்தசை கிழியும்.

முகாமில் கால் வைத்ததும் ஃபிட்னஸ் கோச்சிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்: கடைசி நான்கு வாரத்தில் எத்தனை ஆட்டம், எத்தனை நிமிடம், எத்தனை நாள் சும்மா இருந்தேன். ஓட்டத்தை அளக்கும் ஜி.பி.எஸ். பனியன் போட்ட பத்தாவது நிமிடமே பொய் தெரிந்துவிடும். திங்கள் கடினமாகப் போகலாம். செவ்வாய் பந்து வேலையைக் கூட்டி, முழு வேக ஓட்டத்தைக் குறைக்க வேண்டும்.

2026 முதல் செப்டம்பர், அக்டோபர் இடைவெளிகள் இரண்டையும் சேர்த்து 16 நாள், நான்கு ஆட்டம் என்று ஆக்கியிருக்கிறது பிஃபா. உள்ளூர்க்காரருக்கு இது நல்ல சேதி. நான்கு ஆட்டத்துக்கும் ஒரே பதினொருவரை எந்தக் கோச்சாலும் இறக்க முடியாது.

கேள்வி (கோவை, பள்ளிப் பயிற்சியாளர்): உள்ளூர்க்காரர் எதில் பின்தங்குகிறார்? பந்துத் திறமையிலா, உடல் தகுதியிலா?

பதில்: இரண்டையும்விட, பந்து வருவதற்கு முந்தைய ஒரு விநாடியில். ஒரு ரோண்டோவைப் பாருங்கள். எட்டுப் பேர் வட்டமாக நின்று பாஸ் போட, நடுவில் இருவர் பந்தைப் பறிக்கப் பார்க்கும் பயிற்சி அது. பந்து தன்னிடம் வரும் வழியிலேயே வெளிநாட்டு கிளப் ஆள் இரண்டு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துவிடுகிறார். கால் பட்டதும் பந்து போய்விடுகிறது. உள்ளூர்க்காரர் பந்தையே பார்த்துக்கொண்டிருந்து, நிறுத்தி, பிறகு தலையைத் தூக்குகிறார். அதற்குள் நடுவில் இருப்பவர் மேலே விழுந்துவிடுகிறார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மேடும் பள்ளமுமான மைதானத்தில் பந்து முழங்கால் உயரத்துக்குத் துள்ளும். கண்ணை எடுத்தால் பந்து போச்சு. அங்கே ஒரு டச் அதிகம் போட்டு அடக்குவதுதான் சரியான பழக்கம். ஒட்ட வெட்டி, தண்ணீர் தெளித்த புல்லில் அதே பழக்கம் அரை விநாடியைத் தின்றுவிடுகிறது.

மருந்து இருக்கிறது, ஆனால் நான்கு வாரம் முன்பே தொடங்க வேண்டும். பந்து நேராக ஓடும் தரை தேடுங்கள்: சிமென்ட் பூசிய பேட்மின்டன் கோர்ட் போதும். பத்து மீட்டர் தள்ளி ஒருவர் பாஸ் போட, முதுகுப் பக்கம் இன்னொருவர் விரல் காட்டி நிற்க வேண்டும். பந்து உருண்டு வரும்போதே திரும்பிப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பந்தைத் தொடலாம். முதல் வாரம் இரண்டு டச், மூன்றாம் வாரத்திலிருந்து ஒரே டச். தினம் 15 நிமிடம். முதல் மூன்று நாள் பையன்கள் பந்தை விடுவார்கள், நிறுத்திவிடாதீர்கள்.

உடம்புக்கு மூன்று விஷயம். ஒன்று, வாரம் இருமுறை நாலுக்கு நாலு ஆட்டம்: 4 நிமிடம் முழு மூச்சில், 3 நிமிடம் மெல்ல ஓட்டம், இப்படி 4 சுற்று. இதயத் துடிப்பு உச்சத்தின் 90–95 சதவீதத்தைத் தொட வேண்டும். இரண்டு, வாரம் இருமுறை 30–40 மீட்டர் முழு வேக ஓட்டம், 6 முதல் 8 தடவை. ஒவ்வொன்றுக்கும் நடுவே 2–3 நிமிடம் நின்று மூச்சு வாங்குங்கள். அவசரப்பட்டால் அது ஸ்பிரிண்ட் பயிற்சியே இல்லை. மூன்று, நார்டிக்: மண்டியிட்டு நிற்க, கூட்டாளி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து முன்னால் மெதுவாகச் சாய்வது. முதல் வாரம் ஒரே நாள், 5 முறை வீதம் 2 செட். இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 முறை வீதம் 2 செட். மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் மூன்று நாள், 3 செட். 6–8 முறையில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். முகாம் வாரத்தில் யாராவது நார்டிக்கைப் புதிதாகத் தொடங்கினால் இரண்டு நாள் கழித்து மாடிப்படி இறங்கவே முடியாது.

உள்ளூர்க்காரர் மேலே நிற்கும் இடமும் ஒன்று உண்டு: வெயில். ஐரோப்பியக் குளிரிலிருந்து 32 டிகிரி புழுக்கத்துக்கு வந்து இறங்கும் உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். இடைவெளியே ஒன்பது நாள்தான். சொந்த மண்ணில் நடக்கும் ஆட்டத்தில் 70-ஆவது நிமிடத்துக்கு மேல் மாற்று ஆளாக உள்ளூர் விங்கரை இறக்கும் கோச் கணக்குத் தெரிந்தவர்.

கேள்வி (மதுரை): டி.வி.யில் மட்டுமே பார்த்த ஆட்களோடு ஒரே மேசையில் சாப்பிட வேண்டும். எப்படிப் பழகுவது?

பதில்: புதிதாக வருபவர் நாற்காலி மேல் ஏறி ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்பது பல அணிகளில் எழுதாத சட்டம். அதைப் பாடிவிட்டு இறங்குங்கள், பாதிக் கூச்சம் போய்விடும். நைஜீரிய முகாமில் பிட்ஜின் என்ற கலப்பு ஆங்கிலப் பேச்சு இன்னும் கொஞ்சம் உதவும். லண்டனில் வளர்ந்தவரும் கானோவில் வளர்ந்தவரும் சிரித்துக்கொள்ளும் மொழி அது.

முதல் நாளே செல்ஃபி, ஜெர்சி, பூட்ஸ் என்று கேட்கக்கூடாது. கேட்டால் கொடுப்பார்கள், அதோடு நீங்கள் ரசிகர் ஆகிவிடுவீர்கள், சக ஆட்டக்காரர் இல்லை. வேறொன்று கேளுங்கள்: “நான் பாஸ் போடும்போது பந்து காலுக்கு வேணுமா, முன்னால இடத்துக்கு வேணுமா?” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத நட்சத்திரம் இல்லை.

களத்தில் இரண்டு கோளாறு அடிக்கடி வரும். ஒன்று, கிடைத்த பந்தையெல்லாம் பெரிய பெயர்காரரிடமே கொடுப்பது. எதிர்ப் பக்கம் ஆள் தனியாக நிற்பார், பந்து போகாது. கோச் அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள மாட்டார், பயம் என்று குறித்துக்கொள்வார். இன்னொன்று நேர் எதிர்: தைரியம் காட்டுகிறேன் என்று சறுக்கி விழுந்து டாக்கிள் போடுவது. பயிற்சியில் காலில் நின்றபடியே பந்தைப் பறியுங்கள். நட்சத்திரத்தின் கணுக்கால் போனால் அடுத்த அழைப்பு வராது.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்கட அணியில ஜேர்மனி, அவுஸ்திரேலியா, இங்கிலாந்து எண்டு வெளியில இருந்து வந்து விளையாடுற பெடியள் கூடிக்கொண்டு வருகினம். இஞ்ச நிண்டு உதைபந்தாட்டம் விளையாடுறவைக்கு இனி இடம் இருக்குமோ?

பதில்: இருக்கும், ஆனால் குறையும். ஜெர்மனியின் டைனமோ டிரெஸ்டனில் ஆடிய கிளாடியோ கம்மர்க்னெக்ட், லண்டன் கியூ.பி.ஆர். கிளப்பில் வளர்ந்த டில்லன் டி சில்வா போன்றவர்கள் வந்தபின் அணியின் தரம் ஏறியதை மறுக்க முடியாது. 2024 செப்டம்பரில் கம்போடியாவைப் பெனால்ட்டியில் தாண்டி ஆசியக் கோப்பையின் கடைசித் தகுதிச் சுற்றுக்குள் போனது இலங்கை.

உள்ளூர்ப் பையன்களுக்கு உண்மையான எதிரி அவர்கள் இல்லை, ஆட்டமே இல்லாத மாதங்கள்தான். 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை இலங்கையை பிஃபா இடைநிறுத்தி வைத்திருந்தது. அப்போதும் டிரெஸ்டனில் லீக் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கோல்கீப்பர் சுஜான் பெரேரா உட்படப் பலர் மாலைதீவு கிளப்புகளுக்குப் போனதன் காரணத்தை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். பணம் மட்டும் இல்லை, ஆட்ட நிமிடங்களும்தான். போக முடியாதவர் மாவட்ட லீக், கிண்ணப் போட்டி எதுவானாலும் தேதி, எதிரணி, ஆடிய நிமிடம் மூன்றையும் கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரு முழு ஆட்டத்தையாவது உயரமான இடத்திலிருந்து வெட்டாமல் படம் பிடியுங்கள். கோல் மட்டும் ஒட்டிய இரண்டு நிமிடப் படத்தில், பந்து காலில் இல்லாதபோது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியாது. கோச் தேடுவது அதைத்தான்.

கேள்வி (திருச்சி): அணியில் பெயர் வந்தும் கடைசி நேரத்தில் போக முடியாமல் போவது ஏன்?

பதில்: பெரும்பாலும் காகிதம். நட்பு ஆட்டம் ஐரோப்பாவில் என்றால், பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் வைத்திருப்பவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். உள்ளூர்க்காரருக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) வேண்டும். தேசிய சங்கம் இடைவெளிக்கு 15 நாள் முன்பு அழைப்புக் கடிதம் கொடுத்தால் போதும் என்கிறது பிஃபா விதி. விசா முடிவுக்கும் 15 நாள் வரை ஆகலாம், சில சமயம் அதற்கு மேலும். கணக்கு இடிக்கிறது அல்லவா? அதனால் முதல் பட்டியலில் பெயர் அடிபட்ட அன்றே பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பாருங்கள்: வழங்கிப் பத்து ஆண்டு தாண்டியிருக்கக்கூடாது, திரும்பும் தேதிக்குப் பின் மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக வேண்டும். ஆப்பிரிக்கப் பயணம் என்றால் மஞ்சள் காய்ச்சல் அட்டை. ஊசி போட்டுப் பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும். விமான நிலையத்துக்குப் போகிற வழியில் போட்டுக்கொண்டால் பிரயோசனமில்லை.

காகிதம் சரியாக இருந்து மாத்திரை கவிழ்ப்பதும் உண்டு. வலிக்கு டிராமடால் போடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். 2024 ஜனவரி 1 முதல் போட்டி நேரத்தில் அது தடை. போட்டி நேரம் என்பது ஆட்டத்துக்கு முந்தின நாள் இரவு 11.59-க்கே தொடங்கிவிடும். லேபிள் இல்லாத லேகியம், சூரணம், புட்டிப் பொடி எதையும் முகாமுக்கு எடுத்துப் போகாதீர்கள். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது என்றால் மன்னிப்பு கிடைக்காது. ஆஸ்துமா இன்ஹேலர் இருந்தால் முதல் நாளே டீம் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி (புதுச்சேரி): முகாமில் அடிபட்டால் உள்ளூர்க்காரருக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

பதில்: பிஃபாவின் கிளப் பாதுகாப்புத் திட்டம், காலண்டரில் உள்ள சர்வதேச ஆட்டத்துக்காகப் போய் அடிபட்டவரின் சம்பளத்தை கிளப்புக்கு ஈடுசெய்கிறது. தொடர்ந்து 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால்தான் பணம். நாளொன்றுக்கு அதிகபட்சம் 20,548 யூரோ, ஓராண்டு வரை. இந்த உச்சவரம்பு நட்சத்திரங்களை மனதில் வைத்துப் போட்டது. எல்லாமே ஒப்பந்தத்தில் எழுதிய நிலையான சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு. வாய்ப்பேச்சில் சம்பளம், வெற்றிக்கு போனஸ் என்று ஆடுகிற உள்ளூர்க்காரரின் கிளப்புக்கு எதைக் காட்டிக் கேட்பது?

காலண்டருக்கு வெளியே நடக்கும் உள்ளூர் முகாமுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே போகும் முன் ஸ்கேன், அறுவைச் சிகிச்சை, ஓய்வு காலச் சம்பளம் மூன்றுக்கும் யார் பொறுப்பு என்று கிளப்பிடமும் சங்கத்திடமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் அணியிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்ற பயம் பொய்யில்லை. தனியாகக் கேட்காமல் கேப்டன் மூலம் கேளுங்கள். 2013 ஜூனில் நைஜீரியா கோப்பை வென்ற சூட்டோடு போனஸ் தகராறில் நமீபியாவிலேயே உட்கார்ந்துவிட்டபோது, நட்சத்திரமும் உள்ளூர்க்காரரும் ஒரே பக்கம்தான் இருந்தார்கள்.

கேள்வி (நாகர்கோவில்): இந்திய அணியில் ஏன் இந்தப் பேச்சே இல்லை?

பதில்: இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை; இந்தியக் குடிமகனாக இல்லாதவர் அணிக்கு ஆட முடியாது. ஜப்பான் குடியுரிமையை விட்டுவிட்டு வந்து 2013-இல் இந்தியாவுக்கு ஆடிய அராத்தா இசுமி போல அபூர்வமாக ஒருவர் வருவார். மற்றபடி இங்கே ஏறக்குறைய எல்லோரும் ஹோம்-பேஸ்டுதான்.

கேள்வி (வியாசர்பாடி, அதே வாசகர்): முகாமுக்குப் பூட்ஸ் எத்தனை ஜோடி?

பதில்: இரண்டு. அடிமுளைகள் வார்ப்பிலேயே பதிந்த ‘வார்ப்பு ஸ்டட்’ ஒன்று, ஈரப் புல்லுக்கு முளைகளைத் திருகி மாட்டும் ‘திருகு ஸ்டட்’ ஒன்று. இரண்டையும் போட்டு ஊரிலேயே ஐந்தாறு பயிற்சி முடித்துவிட்டுப் போங்கள். புதுப் பூட்ஸோடு திங்கள் இறங்கினால் புதன்கிழமை குதிகாலில் கொப்புளம் வைத்துக்கொண்டு நிற்பீர்கள்.